பறித்த நிலமும் பறிபோன பிள்ளைகளும்



"திருடனிடம் திருடினால் அது திருட்டா, சாமி?" என்று ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பெரியவர்கள் இதே கேள்வியைச் சிரிக்காமல் கேட்பார்கள். அவர்கள் கேட்கும்போது அதற்குள் ஒரு வேலியோ, வரப்போ, பாட்டன் காலத்துப் பத்திரமோ ஒளிந்திருக்கும். ஆகையால் இந்த வாரம் அதைச் சற்று நிதானமாக ஆராய்வோம். உதாரணத்திற்கு நம் ஊரை எடுத்தால் யாராவது ஒருவர் தம்மைத்தான் சொன்னதாக எண்ணிக்கொள்வார். எனவே கடலும் காலமும் கடந்து அயர்லாந்து தேசத்துக்குப் போவோம்.

அயர்லாந்து நமக்கு முற்றிலும் அந்நியமன்று. 1842-ஆம் ஆண்டில் பிரசன்டேஷன் சபைக் கன்னியர் அங்கிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அர்ச். பத்திரிசியாரின் பெயர் நம் வீடுகளிலும் வழங்குகிறது. விசுவாசத்திற்காக அந்த ஜனங்கள் பட்ட பாடுகளைச் சிறுவயது முதலே கேட்டிருக்கிறோம். அதனால்தான் நமக்கு ஒரு ஆபத்தும் உண்டு: அவர்கள் செய்த குற்றத்தை நம் காது எளிதில் ஏற்காது.

நடந்தது இது. அயர்லாந்தின் வடபகுதி அல்ஸ்டர். அங்கே பரம்பரை பரம்பரையாக ஆண்டுவந்த ஓநீல், ஓடானல் முதலிய குலத்தலைவர்கள் ஆங்கில அரசோடு ஒன்பது வருடம் போர் புரிந்து 1603-ல் பணிந்தார்கள். 1607 செப்டம்பரில் அவர்களில் பெரியவர்கள் குடும்பத்தோடு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போனதைச் சாக்காக வைத்து அரசாங்கம் ஆறு மாவட்டங்களின் நிலத்தைத் தன்வசப்படுத்திற்று. 1610 முதல் அந்த நிலம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ஏக்கர் என்ற கணக்கில் துண்டுபோடப்பட்டு, இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்த புரோட்டஸ்தாந்து கனவான்களுக்கு வழங்கப்பட்டது. சுதேசிகளை அகற்றிவிட்டுத் தம் நாட்டாரைக் குடியேற்ற வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் ஆள் பற்றாக்குறையால் பலர் சுதேசிகளையே அதிகக் குத்தகைக்கு வைத்துக்கொண்டார்கள். தகப்பன் சொந்தமாக உழுத வயலில் மகன் குத்தகைக்காரனாக உழுதான். பூசை கேட்கவும் மறைவிடம் தேடவேண்டிய காலம் அது.

முப்பத்தொரு வருடம் இப்படிப் போயிற்று. 1641 அக்டோபர் 22-ஆம் தேதி இரவு சர் பேலிம் ஓநீல் என்பவர் சார்ல்மான்ட் கோட்டையைப் பிடித்தார். மறுநாள் டப்ளின் கோட்டையையும் பிடித்துவிடத் திட்டம். ஆனால் அது ஒருவன் காட்டிக்கொடுத்ததால் கெட்டது. வடக்கே மூண்ட தீயோ நாடெங்கும் பரவியது.

இந்தப் பேலிம் ஓநீலைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகக்கூடாது. அவர் நிலமிழந்த ஏழையல்லர். அரசாங்கம் அவருடைய குடும்பத்துக்கு நிலத்தை விட்டுவைத்திருந்தது. அவர் பாராளுமன்ற அங்கத்தினருங்கூட. ஆனால் கழுத்துமட்டும் கடன். கலகத்தில் கொள்ளையிடப்பட்டவர்களின் வாக்குமூலங்களைப் பார்த்தால், கொள்ளையடிக்க வந்தவனே தன்னிடம் கடன்பட்டவன் என்று சொன்னவர்கள் பலர். நியாயமான கோபமும் கடன்காரனின் கணக்கும் ஒரே குதிரையில் ஏறி வந்தன. கலகங்களில் இது புதிதல்ல.

இனி ஒரு குடும்பம். அர்மாக் என்ற ஊரில் எலிசபெத் பிரைஸ் என்னும் ஒரு விதவை இருந்தாள். அவள் புருஷன் படைத் தலைவனாக இருந்தவன். கலகக்காரர் வீட்டைப் பறித்து, பணத்தை எங்கே ஒளித்தாய் என்று கேட்டு அவளை வதைத்தார்கள். அவளுடைய பிள்ளைகள் ஐந்துபேரை, இங்கிலாந்திலுள்ள உறவினரிடம் பத்திரமாக அனுப்புகிறோம் என்று சொல்லி, வேறு பலரோடு சேர்த்து வழியனுப்பினார்கள். பேலிம் ஓநீலின் அனுமதிச் சீட்டும் இருந்ததாம். அந்தக் கூட்டம் போர்ட்டடவுன் என்னுமிடத்தில் பான் நதிப் பாலத்தை அடைந்தது. அங்கே அவர்களை ஆற்றில் தள்ளினார்கள். நீந்திக் கரையேற முயன்றவர்களை அடித்தும் சுட்டும் மறுபடி தண்ணீரில் விட்டார்கள். ஐந்து பிள்ளைகளும் திரும்பவில்லை.

தாய் அந்த இடத்தில் இல்லை. பிறர் சொல்லித்தான் அறிந்தாள். "அப்படியானால் கேள்விப்பட்ட சாட்சிதானே?" என்று கேட்கலாம். சரிதான். ஆனால் வில்லியம் கிளார்க் என்ற தோல் பதனிடுபவர் ஒருவர் இருந்தார். கத்தோலிக்கர் கையில் ஏறத்தாழ நூறு பேரோடு அடைபட்டு, அதே பாலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகப்பட்டு, பணம் கொடுத்துத் தப்பி, 1642 ஜனவரியிலேயே சத்தியப்பிரமாணம் செய்து சொன்னார். 19-ஆம் நூற்றாண்டில் நம்மவர் சிலர் இதெல்லாம் பகைவர் கட்டிய கதை என்று எழுதினார்கள். பக்கங்களில் பல வரிகள் கோடிட்டு அடிக்கப்பட்டிருப்பதைக் காட்டி, "பார், அதிகாரிகளே பொய்யென்று அடித்துவிட்டார்கள்" என்றும் வாதித்தார்கள். அந்தக் கோடுகள் நகல் எடுப்பவர் சுருக்குவதற்காக இட்ட அடையாளம் என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டிவிட்டார்கள். பாலத்தில் நடந்தது நடந்ததுதான்.

வாக்குமூலம் என்று சொன்னேனே, அதைப்பற்றியும் சொல்லவேண்டும். 1641 டிசம்பரில் டப்ளின் அரசாங்கம் புரோட்டஸ்தாந்து குருக்கள் எட்டுப்பேரை நியமித்து, ஓடிவந்த அகதிகளிடம் பிரமாணத்தின்மேல் நஷ்டத்தைக் கேட்டு எழுதச் சொல்லிற்று. மாடு எத்தனை, குதிரை எத்தனை, வைக்கோல் போர் என்ன விலை பெறும், தானியம், தட்டுமுட்டுச் சாமான், குத்தகை உரிமை, வரவேண்டிய கடன் எவ்வளவு என்று பவுன் கணக்கில் எழுதினார்கள். கொலைகளையும் விசாரிக்கவேண்டுமென்ற உத்தரவு அடுத்த மாதந்தான் வந்தது. முதலில் மாடு, பிறகு மனுஷர். இதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. எல்லாம் இழந்து வந்தவர்களிடமும் எழுத்தர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பிள்ளையைத் தொலைத்தவளும் பசுவின் விலையைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கவேண்டியிருக்கிறது. இப்படிச் சேர்ந்த ஏடுகள் ஏறத்தாழ எண்ணாயிரம் வாக்குமூலங்கள், பத்தொன்பதாயிரம் பக்கங்கள், டப்ளின் திரித்துவக் கல்லூரியில் இன்றும் உள்ளன.

அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு செய்தி உடை. கொன்றவர்களைவிட உரிந்து விட்டவர்கள் அதிகம். ஆண், பெண், பிள்ளை என்று பாராமல் உடுத்த துணியைப் பறித்து, அந்தக் குளிர்காலத்தில் சாலையில் விட்டார்கள். டப்ளின் போய்ச் சேருமுன் வழியிலேயே விறைத்துச் செத்தவர்கள் அநேகர்.

இப்போது கேள்விக்கு வருவோம். இந்தக் குடியேறிகள் இருந்தது பிறர் நிலம். அதை அவர்களிடமிருந்து எடுத்தால் களவாகுமா?

வேதசாஸ்திரிகள் இதற்கு விடை சொல்லுமுன் ஒருவனைப் பார்த்து, "நீ அறிந்து வைத்திருந்தாயா, அறியாமல் வைத்திருந்தாயா?" என்று கேட்பார்கள். பிறர் பொருளென்று அறிந்தே வைத்திருப்பவன், கெட்ட மனதோடு வைத்திருப்பவன். அவன் பொருளையும், அதன் பலனையும், அதனால் உண்டான நஷ்டத்தையும் திருப்பவேண்டும். நல்ல மனதோடு, தன்னுடையதென்றே நம்பி வைத்திருப்பவனோ உண்மை தெரிந்த அன்று கையில் எஞ்சியிருப்பதைத் திருப்பினால் போதும். நெடுங்காலம் நல்ல மனதோடு அனுபவித்தால் சட்டப்படி உரிமையே ஏற்படுவதும் உண்டு. அர்ச். அகுஸ்தீனார் காலம் முதல் திருச்சபையின் தீர்ப்பு மாறவில்லை: திருப்பக் கூடியவன் திருப்பாமல் வைத்துக்கொண்டால் அவன் மனஸ்தாபம் மெய்யான மனஸ்தாபம் அன்று.

இந்த அளவுகோலை அல்ஸ்டரில் வைத்துப் பாருங்கள். பத்திரம் எழுதிக் கொடுத்த ராஜா அறிந்தே செய்தார். நிலத்தை வாங்கிய கனவானும் அறிவார். சுதேசிகளை அகற்றுவதென்ற நிபந்தனைக்குக் கையெழுத்திட்டவர் அல்லவா? அவரிடம் குத்தகைக்கு வந்த ஏழைக் குடியானவன் பாதி அறிவான். தன் ஊரில் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறியவன், கேட்ட குத்தகையைக் கொடுத்து உழுதான். நிலத்தில் காலெடுத்து வைத்த நாள் முதல் பக்கத்து வீட்டானின் முகத்தில் எதையோ பார்த்திருப்பான். பார்த்தும் கேட்காமல் இருந்திருப்பான். அவன் பிள்ளை? அது அங்கேயே பிறந்தது. அதற்கு வேறு ஊர் கிடையாது.

குற்றம் இப்படி மேலிருந்து கீழே வரவரக் குறைகிறது. தண்டனையோ கீழேயிருந்துதான் தொடங்கிற்று. ராஜா லண்டனில் இருந்தார். கனவான்களில் தப்பக்கூடியவர்கள் கோட்டைக்குள் புகுந்தார்கள். பான் நதியில் விழுந்தவை பெரும்பாலும் பத்திரத்தில் கையெழுத்திடாத கைகள்.

"சாமி, அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? வழக்குமன்றம் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லையே" என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். ராஜாவே திருடனானால் பிராது கொடுக்க இடமேது? நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆக்காப் ராஜா பறித்தபோதும் தேசத்து நியாயஸ்தலம் ராஜாவின் பக்கமே இருந்தது. ஆகவே ஆயுதமெடுத்ததே பாவமென்று அன்றைய மேற்றிராணிமார் சொல்லவில்லை. 1642 மார்ச்சில் கெல்ஸ் நகரில் அர்மாக் அதிமேற்றிராணியார் ஹியூ ஓரெய்லி தலைமையில் கூடிய சங்கம், யுத்தம் நியாயமானதென்றே தீர்ப்புச் சொன்னது. அதே மூச்சில் கொலைகாரரையும் கொள்ளைக்காரரையும் கண்டித்தது. மே மாதம் கில்கெனியில் கூடிய சங்கம் அத்தகையோரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கும் தண்டனையையும் விதித்தது. அவர்கள் பகைவரின் குருக்களல்லர், நம்முடைய குருக்கள். தங்கள் ஜனம் வெல்லவேண்டுமென்று ஜெபித்தவர்கள்.

நியாயமான யுத்தம் என்ற வார்த்தைக்குள் நிராயுதபாணியின் பிராணன் அடங்காது. நிலத்துக்கு உரிமை இருந்தது உண்மையானால், அந்த உரிமை நிலத்தின்மேல்தான். துணியின்மேல் இல்லை. பணத்துக்காக ஒரு விதவையை வதைக்கும் உரிமை எந்தக் கிரயப்பத்திரத்திலும் எழுதப்பட்டதில்லை. ஏழாம் கற்பனையை மீறியவனுக்கு விரோதமாக ஐந்தாம் கற்பனையை மீறினால், இரண்டும் கழிந்து கணக்குத் தீர்ந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. பாவத்தில் கூட்டல்தான் உண்டு, கழித்தல் கிடையாது. உன் பாட்டன் என் பாட்டனின் இரண்டு சென்ட்டை விழுங்கினான் என்று சொல்லி, ராத்திரியோடு ராத்திரியாகக் காய்க்கிற தென்னைகளை வெட்டிச் சாய்த்த கதை நமக்குத் தெரியாததல்ல. அந்த இரண்டு சென்ட் அதனால் திரும்பி வந்துவிட்டதா?

எலிசபெத் பிரைஸ் இன்னொன்றும் சொன்னாள். பிள்ளைகள் இறந்த பிறகு அவளும் வேறு சில பெண்களும் அந்தப் பாலத்தருகே போனார்களாம். அந்தி மயங்கும் வேளையில் ஆற்றின் நடுவே இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண்ணுருவம் எழும்பி, கைகளை உயர்த்தி, பழிவாங்கும்படி திரும்பத் திரும்பக் கூவிற்றாம். அது ஆவியா, அழுது அழுது மங்கிய கண்ணின் தோற்றமா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அதை நம்பும்படி யாரும் நமக்குக் கட்டளையிடவுமில்லை. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிட்டதென்று வேதம் சொல்லுகிறது. அதைவிட மேலானதைப் பேசும் இரத்தம் ஒன்று உண்டென்றும் அதே வேதம் சொல்லுகிறது. ஐந்து பிள்ளையை ஆற்றில் கொடுத்த தாயிடம், முதலாவதைக் கேட்காதே, இரண்டாவதைக் கேள் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஆனால் அந்தக் கூவலுக்குப் பதில் சொல்ல வந்தவர்கள் யார் என்று பார்க்கவேண்டும்.

1646-ல் சர் ஜான் டெம்பிள் இந்த வாக்குமூலங்களிலிருந்து பொறுக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். மூன்று லட்சம் பேர் அழிந்தார்கள் என்ற கணக்கை அதில் எழுதினார். அயர்லாந்து முழுவதும் இருந்த குடியேறிகளை எண்ணினாலும் அவ்வளவு தேறாது. இன்றைய சரித்திராசிரியர்கள், அல்ஸ்டரில் கொல்லப்பட்டவர்கள் நாலாயிரம் அளவில் இருக்கலாம், குளிரிலும் பசியிலும் மாண்டவர்களைச் சேர்த்தால் பன்னிரண்டாயிரம் வரை போகலாம் என்கிறார்கள். பன்னிரண்டாயிரம் போதாதா? எதற்காக மூன்று லட்சம்? துக்கத்துக்கு அவ்வளவு பெரிய எண்ணிக்கை வேண்டியதில்லை, நிலத்துக்கு வேண்டியிருந்தது.

1649 செப்டம்பரில் கிராம்வெல் டிரோகெடா நகரத்தைப் பிடித்து ஏறத்தாழ மூவாயிரம் பேரை வெட்டினார். அங்கிருந்த குருக்களில் கையில் அகப்பட்டவர்கள் தப்பவில்லை. குற்றமற்றோர் இரத்தத்தால் கறைபட்டவர்கள்மேல் வந்த தேவதீர்ப்பு என்று அவர் லண்டனுக்கு எழுதினார். இதில் ஒரு விநோதம். டிரோகெடா 1641-ல் கலகக்காரர் கையில் விழவே இல்லை. பேலிம் ஓநீல் அதை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் முடியாமல் 1642 மார்ச்சில் விட்டுப்போனார். 1649-ல் அங்கே வெட்டுண்ட காவற்படையில் ஆங்கிலேயரும் இருந்தார்கள். எலிசபெத் பிரைஸின் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

பிறகு 1652-ல் சட்டம் வந்தது. கத்தோலிக்க நிலக்காரர் ஷானன் நதிக்கு மேற்கே கன்னாட் நாட்டுக்குப் போகவேண்டும். 1654 மே முதல் தேதி கெடு. 1641-ல் அயர்லாந்து நிலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு அளவு கத்தோலிக்கர் கையில் இருந்தது, 1688-ல் இருபத்திரண்டு. வாக்குமூலங்கள் எழுதப்பட்டது ஏழை அகதிக்கு நஷ்டஈடு கொடுக்கத்தானே? அந்தக் காகிதங்களைக் காட்டி அகதியைவிடப் பெரியவர்கள் வாங்கிக்கொண்டார்கள்: யுத்தத்துக்குப் பணம் போட்ட லண்டன் வியாபாரிகளும் சம்பளப்பாக்கி நின்ற படைவீரரும். ஒருத்தியின் கண்ணீரை அடகு வைத்து இன்னொருவன் கடன் வாங்குவது இப்படித்தான்.

நம் பக்கமும் கை சுத்தமில்லை. 1642 ஜனவரியில் ஐலண்டு மேகி என்ற இடத்தில் நிராயுதபாணிகளான கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியேறிகள் பக்கத்தார் வெட்டினார்கள். கொடிய காரியம். 1662-ல் வெளிவந்த ஒரு பிரசுரம் அங்கே மூவாயிரம்பேர் மாண்டதாக எழுதிற்று. மெய்யான எண்ணிக்கை அதில் ஒரு சிறு பங்குதான். டெம்பிள் செய்தது பொய்யானால் இது என்ன? எட்டாம் கற்பனை இறந்தோர் கணக்கிலும் செல்லும். நம்முடைய பிணங்களை எண்ணும்போது பெருக்குவதும், அவர்களுடையதை எண்ணும்போது வகுப்பதும் பொய்ச்சாட்சியே.

இந்த இடத்தில் பேலிம் ஓநீலுக்கு நியாயம் செய்யவேண்டும். கலகத்தின் தொடக்கத்தில் சார்லஸ் ராஜாவின் உத்தரவு தம்மிடமிருப்பதாக ஒரு பத்திரத்தைக் காட்டினார், அது போலி. 1653-ல் அவரைப் பிடித்து டப்ளினில் விசாரித்தபோது, அது ராஜா கொடுத்ததே என்று சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்று ஆசை காட்டினார்களாம். ராஜாவின் தலையை வெட்டியவர்களுக்கு அப்படி ஒரு சாட்சியம் தேவையாயிருந்தது. அவர் மறுத்துவிட்டார். வேறொரு பத்திரத்திலிருந்து முத்திரையை எடுத்து ஒட்டியது தாமே என்றார் என்று அங்கிருந்த ஒரு புரோட்டஸ்தாந்து குருவானவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். அவரைத் தூக்கிலிட்டார்கள். பொய்யால் தொடங்கியவர் பொய் சொல்லிப் பிழைக்கவில்லை. போர்ட்டடவுன் பாலத்தின் கணக்கு அவர் பெயரில் எவ்வளவு எழுதப்படும் என்பதைச் சர்வேசுரன் அறிவார்.

கேவன் மாவட்டத்தில் கில்மோர் என்ற ஊரில் வில்லியம் பெடல் என்ற புரோட்டஸ்தாந்து மேற்றிராணியார் இருந்தார். ஆங்கிலேயர்; ஆனாலும் ஜனங்களின் ஐரிஷ் பாஷையைக் கற்று, பழைய ஏற்பாட்டை அதில் பெயர்க்க ஏற்பாடு செய்தவர். கலகம் தொடங்கிச் சில வாரங்கள் அவர் வீட்டை யாரும் தொடவில்லை. துணியிழந்து ஓடிவந்தவர்களையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டார். அகதிகளை வெளியேற்றினால் உம்மை விட்டுவிடுகிறோம் என்றார்கள், அவர் இணங்கவில்லை. டிசம்பரில் அவரை ஏரி நடுவே இருந்த க்ளோவூட்டர் கோட்டையில் அடைத்தார்கள். விடுதலையான சில வாரத்தில், 1642 பிப்ரவரி 7-ஆம் தேதி, ஜுரத்தில் இறந்தார். அவரைக் கில்மோர் கல்லறைத் தோட்டத்தில் மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்யக் கலகக்காரரே பவனியாக வந்து, மரியாதைக்குத் துப்பாக்கி வெடி தீர்த்தார்கள். அங்கு நின்ற ஒரு கத்தோலிக்கக் குருவானவர், தம் ஆத்துமம் இந்த மனிதரின் ஆத்துமத்தோடு இருக்கக்கடவதென்று உரக்கச் சொன்னதாகச் சொல்லுகிறார்கள். பெடலும் பறித்த நாட்டின் அதிகாரத்தில் பங்குள்ளவர்தான். அவருக்குக் கிடைத்த சம்பளமும் அந்த நிலத்திலிருந்து வந்ததுதான். அது அங்கிருந்தவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தே வெடி தீர்த்தார்கள்.

போர்ட்டடவுன் பாலத்துக் காட்சியைத் துணியில் எழுதி, வட அயர்லாந்தில் ஆரஞ்சு சங்கத்தார் ஊர்வலங்களில் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். 2010-ஆம் ஆண்டு அக்டோபரில், கலகம் மூண்ட அதே 22-ஆம் தேதி, டப்ளின் திரித்துவக் கல்லூரியில் அந்த வாக்குமூலங்களை ஒரு காட்சியாக வைத்தார்கள். ஏடுகள் முழுவதையும் யாரும் இலவசமாக வாசிக்க இணையத்திலும் ஏற்றினார்கள். காட்சியைத் திறந்து வைத்தவர் அப்போதைய அயர்லாந்து ஜனாதிபதி மேரி மெக்அலீஸ். பெல்பாஸ்டில் பிறந்த கத்தோலிக்கப் பெண்மணி; 1970-களின் கலவரத்தில் அவர் குடும்பமும் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டது. அதே கூட்டத்தில் பேசினவர் இயன் பெய்ஸ்லி. 1988-ல் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பவுல் பேசும்போது எழுந்து அவரை அந்திக்கிறிஸ்து என்று கூவியவர் அவரே. இருவரும் ஒரே அறையில் நின்று அந்தப் பழைய ஏடுகளைப் பார்த்தார்கள். எலிசபெத் பிரைஸின் வாக்குமூலமும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது.